கம்பி வந்த வழி



அண்மையில் பள்ளியில் நடைபெற்ற பெற்றோர் சந்திப்பின்போது, நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தையார் என்னைத் தனியே அழைத்தார். மகனின் கணிதப் புள்ளிகளைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என எண்ணி, நானும் புள்ளி ஏட்டைப் புரட்டத் தொடங்கினேன். அவரோ, "ஐயா, மின்சாரக் காடி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். வீட்டில் சார்ஜர் பொருத்த ஒருவர் ஏழாயிரம் வெள்ளி என்கிறார். இன்னொருவர் ஆயிரத்து ஐந்நூறுக்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?" என்றார். பக்கத்தில் நின்ற ஒரு தாயார், "உங்களுக்காவது சொந்த வாசல் இருக்கிறது அண்ணா. நாங்கள் ஒன்பதாம் மாடியில் இருக்கிறோம். கம்பியை எங்கிருந்து இறக்குவது?" என்று கேட்டுச் சிரித்தார்.

அவ்விரு கேள்விகளுக்கும் அன்றே விடை சொல்ல என்னால் இயலவில்லை. நான் மின்னியல் படித்தவன் அல்லன். தமிழும் வரலாறும் கற்பிப்பவன். ஆயினும் வீடு திரும்பும் வழியில் ஓர் எண்ணம் தோன்றியது. 'மின்கம்பி யார் வீட்டுக்கு வருகிறது, கடைசிச் சில அடிகளுக்கான செலவை யார் ஏற்பது' என்னும் கேள்வி இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நூற்று முப்பது ஆண்டு வயதுடையது. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழரின் பெயரும் இருக்கிறது. ஆகவே, முதலில் வரலாற்றைச் சொல்லிவிட்டுப் பிறகு அந்தத் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். பொறுத்தருள்க.

மலாயாவில் முதன்முதலாக மின்னாக்கி இயங்கிய இடம் சிலாங்கூரின் ரவாங். ஆண்டு 1894. அங்கிருந்த ஈயச் சுரங்கத்தில் அதனை நிறுவியவர்கள் இருவர்: சீனத் தொழிலதிபர் லோக் இயூ, நம்மவரான கே. தம்புசாமி பிள்ளை. தம்புசாமி பிள்ளையைக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலோடும் பத்துமலையோடும் இணைத்தே நாம் நினைவுகூர்கிறோம். 1893இல் தொடங்கப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தின் நிறுவனர்களுள் ஒருவர் என்பதும் பலருக்குத் தெரியும். அவரே இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலும் நிற்கிறார் என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்வதில்லை. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தின் இடையே ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லலாமே!

அந்த மின்சாரம் எதற்காக வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈயம் தோண்டும் குழியில் ஊறும் நீரை இறைக்கப் பொறி வேண்டும். நீராவிப் பொறிக்கு விறகு வேண்டும். சுற்றியிருந்த காடோ நாளுக்கு நாள் விலகிப் போய்க்கொண்டிருந்தது. எனவே, இலாபம் தரும் குழிக்குத்தான் முதல் கம்பி போயிற்று. மனிதர் படிப்பதற்கோ சமைப்பதற்கோ அது வரவில்லை.

அடுத்த ஆண்டே, அதாவது 1895இல், கோலாலம்பூர் இரயில் நிலையங்களுக்கு மின்விளக்கு வந்தது. 1900இல் பகாங் மாநிலத்து ரவூப் நகருக்கருகே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது; அதுவும் தங்கச் சுரங்க நிறுவனம் ஒன்றுக்காகவே. சுரங்கம், இரயில், மறுபடியும் சுரங்கம். பிறகுதான் நகரம். கோலாலம்பூருக்குக் கோம்பாக் ஆற்று நீரிலிருந்து 1905 அளவில் மின்சாரம் கிடைத்தது. முதலில் அரசு அலுவலகங்கள், தெருவிளக்குகள், ஐரோப்பியர் குடியிருந்த மேட்டு நிலத்து மாளிகைகள், செல்வர்களின் கடைவீடுகள் என்ற வரிசையில் அது பரவிற்று.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் கதை சற்றே வேறு. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற அவ்விடம் பின்னர் இரயில்வே ஊழியர்களின் ஊராயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிபர்களும் தமிழகத்திலிருந்து வந்த பணியாளர்களும் அங்குள்ள அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். அரசுக் குடியிருப்பு என்றால் அரசே கம்பி இழுக்கும். ஊழியர் தம் சட்டைப்பையைத் தொட வேண்டியதில்லை. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

பிரிக்பீல்ட்ஸை அடுத்துள்ள பங்சாரில் 1927இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பங்சார் என்னும் பெயரே பூஞ்ச்–கிரிசார் என்ற ரப்பர் தோட்ட நிறுவனத்தின் பெயர் மருவி வந்தது என்பர். அந்த நிலையத்தின் கொப்பரைகளில் எரிந்த நிலக்கரி பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கத்துத் தொழிலாளர்கள், இந்தியர்களும் அவருள் அடக்கம், 1937இல் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனி அத்தியாயம். கோலாலம்பூர் மாளிகைகளில் விளக்கு எரிய நிலத்தடி இருட்டில் கரி வெட்டியவர்கள் அவர்கள். தம் குடிசைகளில் அவர்கள் எந்த விளக்கில் உண்டார்கள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

இனிக் கிள்ளானுக்கு வருவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்முள் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆர். எச். நாதன் அவர்களின் தலைமையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த கோரிக்கைகளுள் சம்பள உயர்வு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, பிள்ளைகளுக்குக் கல்வி இருந்தது, கள்ளுக்கடைகளை மூடுதல் இருந்தது. அவற்றோடு ஒரு வியப்பான கோரிக்கையும் இருந்தது. துரைகளையோ கிராணிகளையோ வழியில் கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதே அது! நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன.

மிதிவண்டியில் அமர்ந்தபடி போகும் உரிமைக்காகப் போராடியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று மின்சாரக் காடிக்கு முன்பணம் கட்டுகிறார்கள். இதை நினைக்கும்போது எனக்கு உவகையே மிகுகிறது. அக்கோரிக்கைப் பட்டியலில் மின்சாரம் இடம்பெறவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கேட்க வேண்டிய பொருள் என்றுகூட அது அன்று அவர்கள் மனத்தில் தோன்றவில்லை. அவ்வளவு தொலைவில் அது இருந்தது.

போருக்குப் பின் நிலைமை விரைந்து மாறிற்று. சிதறிக் கிடந்த தனியார் விளக்கு நிறுவனங்களையும் அரசு நிலையங்களையும் ஒருங்கிணைக்க 1949 செப்டம்பர் முதல் நாள் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. கிள்ளானை அடுத்துக் கன்னாட் பிரிட்ஜ் அனல்மின் நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. 1965இல் வாரியத்தின் பெயர் தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990 செப்டம்பர் முதல் நாள் அதுவே தெனாகா நேஷனல் நிறுவனமானது. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவையே, விரித்துரைக்கத் தேவையில்லை.

பாடநூலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தது கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில். கன்னாட் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து வெளியேறும் உயரழுத்தக் கம்பிகள் அத்தோட்டத்தின் செம்பனை மரங்களுக்கு மேலேதான் சென்றன. மழைநாளில் அவை 'ஙொய்' என்று ஒலிப்பதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே பள்ளிக்கு வருவார்கள். ஆனால் கீழே லயத்து வீடுகளுக்குத் தோட்டத்துச் சொந்த மின்னாக்கியிலிருந்துதான் வெளிச்சம். மாலை ஆறரை மணிக்கு ஓடத் தொடங்கும். பத்து மணிக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு, அவ்வளவே. வீட்டுப்பாடம் முடியாத பிள்ளை மறுநாள், "ஐயா, இஞ்சின் நின்னுபோச்சு" என்று சொல்லும். அது பொய்யா மெய்யா என்று நான் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. பத்து மணிக்குப் பின் மண்ணெண்ணெய் விளக்கேற்றி எழுதிய பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களின் ஏட்டில் கரிப்புகையின் மணம் வீசும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குடிநீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் (சட்டம் 446) வெளிப்படையாக எழுதியது. ரவாங்கில் தம்புசாமி பிள்ளை மின்னாக்கி நிறுவியது 1894. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொண்ணூற்றாறு ஆண்டுகள்!

சட்டம் வந்த காலத்தில் தோட்டங்களும் மறைந்துகொண்டிருந்தன. சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்ட் தோட்டத்தின் மீது. பங்சார், ஷா ஆலம், புக்கிட் ஜாலில் ஆகிய இடங்களின் அடியிலும் தோட்ட மண்ணே இருக்கிறது. லயத்தை விட்டு வெளியேறியவர்களுள் சிலருக்குத் தரைவீடு கிடைத்தது. பலர் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சென்றார்கள். எங்கு சென்றாலும் இருபத்து நான்கு மணி நேர மின்சாரம் கிடைத்தது என்பது உண்மையே. (1992 செப்டம்பர் 29, 1996 ஆகஸ்டு 3 ஆகிய இரு நாள்களில் தீபகற்பம் முழுவதும் இருண்டுபோனது. இரண்டாவது இருட்டின்போது என் வீட்டில் மெழுகுவத்திகூட இல்லை. முன்னாள் தோட்டத்து மூதாட்டி ஒருவர் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து, "என்ன வாத்தியாரே, பழக்கம் விட்டுப்போச்சா?" என்றார்.)

ஆக, விளக்குக்கான கம்பி எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது ஊர்திக்கான கம்பி வருகிறது. பழைய கேள்வியும் அதனுடன் திரும்பி வந்திருக்கிறது.

மின்சார ஊர்தி புதுமை அன்று. பினாங்கு ஜார்ஜ்டவுனில் மின்சார டிராம் 1906இலேயே ஓடியது. அதன் வழியில் வந்த டிராலிப் பேருந்துகள் 1961 வரை ஓடின. அவற்றுக்குத் தெருவின் மேலே கம்பி கட்டியது நகராட்சி. தனியார் மகிழுந்துக்கோ அவ்வாறு கட்டுவார் இல்லை. 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட மகிழுந்துகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்சாரத்தால் ஓடியவை என்பதைக் கேட்டால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். பின்னர் அவை ஏன் மறைந்தன? பெட்ரோல் மலிந்தது, ஃபோர்டின் மகிழுந்து மலிந்தது என்பவை யாவரும் சொல்லும் காரணங்கள். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்நாட்டு வீடுகளுள் பாதிக்கு மின்சாரம் வந்ததே 1920களின் நடுப்பகுதியில்தான். வீட்டில் கம்பி இல்லாதவன் மின்சார வண்டியை எங்கே கட்டி வைத்துத் தீனி போடுவான்? மாளிகையும் வண்டிக் கொட்டகையும் உடைய செல்வர்களுக்கு மட்டுமே அது பொருந்திற்று.

நம் தாயகப் பக்கமும் ஒரு முயற்சி நடந்தது. 1993இல் 'லவ்பேர்ட்' என்னும் இருவர் அமரும் சிறிய மின்சார மகிழுந்து இந்தியாவில் வெளிவந்தது. கேரளத்துச் சாலக்குடியிலும் தமிழகத்துக் கோயம்புத்தூரிலும் அது உருவானது. விற்பனை மிகக் குறைவு, விரைவில் நின்றுபோயிற்று. 2001இல் பெங்களூரில் வந்த 'ரேவா' அதைவிட நெடுநாள் ஓடியது. அதற்குத் தனி மின்னூட்டி எதுவும் பொருத்த வேண்டியதில்லை. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் செருகியே போதும். இந்த ஒரு செய்தியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இங்கே, 2022 முதல் மின்சார ஊர்திகளுக்கு அரசு வரிவிலக்குகள் அளித்தது. முழுதாக இறக்குமதியாகும் ஊர்திகளுக்கான விலக்கு 2025 இறுதியோடு முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதிவரை உண்டு. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்சார மகிழுந்தை வெளியிட்டது; ஓராண்டு கழித்துப் பெரோடுவாவும் வந்தது. அதன்பிறகே நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களிலும் இப்பேச்சு எழுந்தது. 2025க்குள் நாட்டில் 10,000 பொது மின்னூட்டு நிலையங்கள் அமைய வேண்டும் என்ற இலக்கும் இருந்தது. அது எட்டப்படவில்லை. ஆகையால் வீட்டு வாசலே பெரும்பாலோர்க்கு மின்னூட்டு நிலையம்.

சரி, தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். நான் கேட்டும் படித்தும் அறிந்ததைச் சொல்கிறேன்; முடிவான சொல் உரிமம் பெற்ற மின்னியலாளருடையது.

அவர் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வேலைக்குப் போய் வருகிறார். போக வர ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்குப் பதினைந்து அலகு மின்சாரம் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாட் மணி) என்று கொண்டால், ஊட்டும்போது வீணாவதையும் சேர்த்து, நாளொன்றுக்குப் பன்னிரண்டு அலகு போதும். விளம்பரங்களில் காணும் 7.4 கிலோவாட் மின்னூட்டி 32 ஆம்பியர் இழுக்கும். அது ஒன்றரை மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திலேயே இதை ஊட்டிவிடும். அதையே 16 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால் மூன்றேகால் மணி நேரம். சுவரிலுள்ள 13 ஆம்பியர் செருகியில் 10 ஆம்பியர் அளவில் ஊட்டும் கையடக்கக் கருவியோ ஐந்தேகால் மணி நேரம் எடுக்கும். அவர் இரவு பதினொன்றுக்கு உறங்கிக் காலை ஐந்தரைக்கு எழுகிறவர். வண்டி தூங்கும் நேரம் ஆறரை மணி! அப்படியானால் 11 கிலோவாட், 22 கிலோவாட் என்று பெரிய கருவியை வாங்கி, அதற்காக ஒருமுனை இணைப்பை மும்முனையாக மாற்றப் பல ஆயிரம் வெள்ளி செலவிட வேண்டிய தேவை அவருக்கு எங்கே இருக்கிறது?

ஏழாயிரம் சொன்னவர் அவரை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. மும்முனை மாற்றமும் சேர்த்து அவர் கணக்கிட்டிருந்தார். கேட்பவருக்குத் தம் தேவை தெரியாதபோது விற்பவர் பெரியதைத்தான் காட்டுவார்.

ஆயிரத்து ஐந்நூறு சொன்னவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். "என் மச்சான் வயர்மேனிடம் வேலை செய்தவர்" என்பதே பதிலாக வந்ததாம்! மின்னியல் விதிமுறைகள் 1994இன்படி, வீட்டு மின்னிணைப்பைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளர் வழியாகவே செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மேற்பார்வை நிறைவுச் சான்றிதழும் சோதனைச் சான்றிதழும் எழுதித் தர வேண்டும். தரைவீடுகள் பலவற்றில் ஒருமுனை இணைப்பின் முதன்மைச் சுவிட்சு 60 ஆம்பியர் அளவே உடையது. சுடுநீர்க் கருவி 15 ஆம்பியர் இழுக்கும். இரண்டு குளிரூட்டிகள் பத்து. அடுக்களைக் கெட்டில் பத்து. அவற்றின் மீது 32 ஆம்பியரை ஏற்றினால் கணக்கு என்ன ஆகும் என்பதை நான்காம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான். எனவே, 16 ஆம்பியருக்குக் குறைப்பது, அல்லது வீட்டின் மொத்தச் சுமையைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் மின்னூட்டியைத் தேர்வது என இரண்டில் ஒன்று வேண்டும். மின்னூட்டிக்கு வேறெதனோடும் பகிராத தனிச் சுற்று வேண்டும். உயிர்காக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும். அதிலும் நேர்மின்னோட்டக் கசிவையும் உணரும் வகை வேண்டும், ஏனெனில் சாதாரண வகை அத்தகைய கசிவால் செயலிழந்துவிடக்கூடும்.

இவற்றை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தாமானில், நான்கு வீடு தள்ளி, ஓர் இளைஞர் வரவேற்பறைச் செருகியிலிருந்து நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியே இழுத்துத் தம் வண்டிக்கு இரவு முழுதும் ஊட்டி வந்தார். கம்பி சுருளாகவே கிடந்தது. மூன்றாம் வாரம் அச்சுருள் உருகிச் சன்னல் திரையில் தீப்பற்றியது. அவருடைய பாட்டியார் அதிகாலைத் தொழுகைக்கு எழுந்திருந்ததால் மணம் பிடித்து எல்லாரையும் எழுப்பினார். ஒருவருக்கும் காயமில்லை. சுவர் மட்டும் இன்னும் கறுத்தே இருக்கிறது. தோட்டத்து மண்ணெண்ணெய் விளக்கும் தீ விபத்துகளைத் தந்ததுதான். ஆனால் அன்று வேறு வழியில்லை.

மின்கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த அட்டவணைப்படி, மாதம் 1,500 அலகு வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஆற்றல், கொள்ளளவு, வலையமைப்புக் கட்டணங்கள் சேர்ந்து அலகுக்கு 44.43 காசு. பன்னிரண்டு அலகுக்கு ஐந்து வெள்ளி முப்பத்து மூன்று காசு. மாதம் இருபத்து நான்கு நாள் ஓடினால் 288 அலகு. இங்கே ஒரு வரம்பைக் கவனிக்க வேண்டும்: 600 அலகுக்கு மேற்படாத வீடுகளுக்கு மாதப் பத்து வெள்ளிச் சில்லறைக் கட்டணம் தள்ளுபடி. இதுவரை 400 அலகில் நின்ற குடும்பம் வண்டி வந்ததும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். சிக்கனப் பயன்பாட்டுக்கான கழிவும் சுருங்கும். நேரவாரிக் கட்டணத் திட்டத்திற்கு மாறலாமே என்பர். வார நாள்களில் பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரை உச்சநேரம். மற்ற நேரமும் வார இறுதிகளும் மலிவு. ஆனால் சாதாரண ஆற்றல் கட்டணமான 27.03 காசுக்கும் மலிவு நேரத்து 24.43 காசுக்கும் இடையே இரண்டரைக் காசுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடுதான். 288 அலகுக்கு ஏழரை வெள்ளி மிஞ்சும். மாலையில் சமையலும் குளிரூட்டியும் மிகுதியாக ஓடும் வீடு என்றால் அதிலும் ஒரு பகுதி கரைந்துவிடும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்கிறேன்.

வருமான வரியில் 2,500 வெள்ளி விலக்கு உண்டு என்பது உண்மை. மின்னூட்டி வாங்குதல், பொருத்துதல், வாடகை, சந்தா ஆகிய செலவுகளுக்கு 2022ஆம் மதிப்பீட்டாண்டு முதல் அது நடப்பில் உள்ளது. 2027 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர், "இரண்டாயிரத்து ஐந்நூறு திரும்பக் கிடைக்கும்" என்று உறுதியாகச் சொன்னார். அது பிழை. வரி கணக்கிடப்படும் வருமானத்திலிருந்துதான் அத்தொகை கழிக்கப்படும். 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்குக் கையில் மிஞ்சுவது 275 வெள்ளி. வருமானம் குறைந்து வரியே கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. அதாவது, உதவி மிகுதியாகத் தேவைப்படுவோர்க்கு உதவி குறைவாகவும், தேவைப்படாதோர்க்கு மிகுதியாகவும் போய்ச் சேருகிறது. இத்திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுவே.

ஒன்பதாம் மாடித் தாயாரின் கேள்வி இன்னும் கடினமானது. அவருடைய மீட்டர் ஓரிடம். வண்டி நிற்பது வேறிடம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூணும் சுவரும் குழாய்வழியும் பொதுச்சொத்து. அடுக்குமாடி நிருவாகச் சட்டம் 2013 (சட்டம் 757) அதனை நிருவாகக் குழுவின் பொறுப்பில் வைத்திருக்கிறது. குழுவின் இசைவின்றி ஓர் ஆணிகூட அடிக்க இயலாது. அந்தக் கட்டுப்பாடு தேவையானதே. நூறு வீட்டார் நூறு கம்பி தொங்கவிட்டால் என்னாவது? ஆனால் புதிய உயர்விலைக் குடியிருப்புகளில் குழுவே பொது மின்னூட்டிகளைப் பொருத்துகிறது. மலிவுவிலை அடுக்குமாடிகள் பலவற்றில் தனக்கென ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடமே இல்லை. முந்தி வந்தவர் நிறுத்துகிறார். பராமரிப்புக் கட்டணமே சரிவரத் திரளாத இடத்தில் மின்னூட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும்?

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அங்கே கம்பியை இழுத்தது ஊழியர் அல்லர், வீட்டுக்கு உரிமையாளரான அரசு. தோட்டத்திலும் 1990இல் சட்டம் கடமையைத் தொழிலாளி மீது சுமத்தவில்லை, முதலாளி மீதே சுமத்தியது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே முயன்று பெற முடியாததை, இடத்துக்கு உரிமை உடையவரிடம் கூட்டாகக் கேட்டே நம் முன்னோர் பெற்றார்கள். அடுக்குமாடிவாசிகளும் தனித்தனியே விண்ணப்பிப்பதைவிட, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, ஒரே தனி மீட்டரில் நான்கைந்து பொது மின்னூட்டிகளைக் கேட்பதே செலவு குறைந்த வழி என்று எனக்குத் தோன்றுகிறது. பயன்படுத்துவோர் அலகுக்கு இவ்வளவு என்று செலுத்தட்டும். நகராட்சியும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமும் மலிவுவிலைக் குடியிருப்புகளை முதலில் கவனிக்கட்டும். தம்புசாமி பிள்ளை காலத்து வரிசையை இன்னொரு முறை நாம் பார்க்க வேண்டியதில்லை.

அந்தத் தாயாரிடம் இதைச் சொன்னேன். "கூட்டத்துக்கு ஆள் சேர்வதே பெரும்பாடு ஐயா, இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். அவருடைய குடியிருப்பில் கூட்டத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை.

தந்தையாரின் வீட்டில் சென்ற சனிக்கிழமை வேலை முடிந்தது. பதிவு பெற்ற குத்தகையாளர் ஒருவர் வந்து, மும்முனை வேண்டாம் என்று அவரே சொல்லி, 16 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்திய மின்னூட்டியைப் பொருத்தித் தந்தார். ஏழாயிரத்தில் பாதிக்கும் குறைவாகவே செலவானது. இரண்டு சான்றிதழ்களையும் உறையிலிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறாராம். மகன் மட்டும் திங்கட்கிழமை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தான். கேட்டதற்கு, "வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா" என்றான்.